தழும்பு இல்லாத நெஞ்சு

உட்காருங்க எம்மா. பையை மடியில வெச்சுக்கிறேன். உள்ளே ஒண்ணுமில்லை, வேதப்புத்தகமும் தண்ணி பாட்டிலும்தான். திருநெல்வேலிக்குத்தானே? நானும் அங்கேதான் போறேன். கோர்ட்டுக்கு.

பயந்துடாதீங்க, அடிதடி கேஸ் இல்லை. நுகர்வோர் கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்காமே. மிக்சி வாங்கி ஓடலைன்னாக்கூட அங்கே போய்ச் சொல்லலாமாம். நாங்க போறது என் மகன் நெஞ்சுக்காக. இன்னிக்கு நான் அங்கே நின்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதைப் பொறுத்துத்தான் அவனுக்கு ஆபரேஷன் நடக்கும், நடக்காதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க. அதனாலதான் உபவாசமா இருக்கேன். நீங்க ஏதாவது சாப்பிடணும்னா சாப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்லை.

அந்தா, டிரைவருக்குப் பின் சீட்டுல மஞ்சள் சேலை கட்டிக்கிட்டு, ஃபைலைப் பிள்ளை மாதிரி அணைச்சுக்கிட்டு இருக்கா பாருங்க, அதுதான் என் மருமகள் பியூலா. பின்னால உட்கார்ந்தா அவளுக்கு வாந்தி வரும். நல்ல பிள்ளை. இன்னிக்குக் காலையில எனக்குத் தலை சீவிவிட்டா. இந்தச் சேலையை அவதான் எடுத்துக் கொடுத்தா, கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. தை மாசத்துல இருந்து முகம் கொடுத்துப் பேசாதவ, இன்னிக்குக் கொசுவத்தை மடிச்சு விடுறா. கர்த்தர் மனசை இளக்கிட்டார்னு நினைச்சுக்கிட்டேன்.

என் மகன் பேரு சுந்தர்சிங். நம்ம பக்கத்துல பெரிய பெரிய காத்தாடி சுத்துதே, கரண்டு எடுக்கிறது, அதுல ஏறி ரிப்பேர் பார்க்கிற வேலை. அவ்வளவு உயரத்துல ஏறுறவன். கீழே நின்னு பார்த்தா எனக்குக் கண்ணு கூசும். அவனுக்கு முன்னே எல்லாம் இ.எஸ்.ஐ. இருந்தது. சம்பளத்துல கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க, வீட்டுல யாருக்கு என்ன வந்தாலும் அந்தக் கார்டைக் கொண்டு போனாப் போதும். எங்க வீட்டுக்காரர் கண்புரை ஆபரேஷன்கூட அதுலதான் ஆச்சு. அப்புறம் கம்பெனியில சம்பளம் கூட்டினாங்க. சந்தோஷத்துல கோயில்ல ஸ்தோத்திர காணிக்கை போட்டோம். கூட்டின சம்பளம் ஒரு அளவுக்கு மேல போயிடுச்சு, இனிமே கார்டு கிடையாதுன்னு அப்புறம்தான் சொன்னாங்க. சரி, சர்க்கார் காப்பீட்டு அட்டையாவது வாங்கலாம்னா, அதுக்கு வருமானம் கூடுதலாம். இ.எஸ்.ஐ.க்குப் பணக்காரன், அட்டைக்கும் பணக்காரன். வீட்டுக்கு வந்து பார்த்தா ஓட்டு வீடு. சுந்தர் சிரிப்பான். "அம்மா, நீங்க காணிக்கையைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டிருந்தா நான் ஏழையாவே இருந்திருப்பேன்"ம்பான்.

அப்போதான் ஏஜென்ட் ஒருத்தர் வந்தார். பிரைவேட் இன்ஷூரன்ஸ் கம்பெனி. வருஷா வருஷம் கட்டணும். திண்டாட்டமா இருந்தாலும் ஒரு வருஷம்கூட விடாம கட்டினான். அதைச் சொல்லணும்.

அந்த ஏஜென்ட் வந்தப்போ நான் அடுப்படியில இருந்தேன். அவர் ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டு வந்தார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இதுக்கு முன்னால இருதயக் கோளாறு ஏதாவது உண்டா. நான் கரண்டியோட வெளியே வந்து, "ஏல சுந்தரு, கர்த்தர் சுகமாக்கினதை வியாதின்னு எழுதிராதல. அது அவரை அவமதிக்கிறது"ன்னு சொன்னேன். அவன், "அப்படி ஒண்ணு இருந்தாத்தானேம்மா எழுத"ன்னான். பாருங்க, எவ்வளவு விசுவாசமான வார்த்தை. சுகமானதுக்கு அப்புறம் அது இல்லாததுதானே.

என்ன சுகம்னு கேக்கீங்களா? அதைச் சொல்லாம எப்படி. அதுதானே எல்லாத்துக்கும் ஆரம்பம்.

அவனுக்கு அப்போ ஆறு வயசு. கிறிஸ்துமஸ் பஜனைக்குப் பெரிய பிள்ளைங்க பின்னாலேயே ஊரெல்லாம் பாடிக்கிட்டுப் போயிருக்கான். நல்ல பனி. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு கேக்கு, ஒரு முறுக்கு, சோறு மட்டும் உள்ளே போகலை. வீட்டு வாசல்ல வந்து சுருண்டு விழுந்துட்டான். உடம்பு அனலாக் கொதிக்குது, மூச்சு இழுக்குது. தூக்கிக்கிட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா நெஞ்சுல குழாயை வெச்சுப் பார்த்தாங்க. பார்த்துட்டு, சளி கட்டியிருக்கு, பிள்ளைக்குப் பசி வேறன்னு ஒரு டானிக்கும் மாத்திரையும் கொடுத்தாங்க. எங்க பெண்கள் ஐக்கியத்துல எல்லாரும் வந்து கட்டிலைச் சுத்தி முழங்கால் போட்டாங்க. விடியக்காலையில கண்ணைத் திறந்து இட்லி கேட்டான். என் நன்றியை நான் எங்கே சொல்ல.

அந்த வாரமே கூட்டத்துல எழுந்து சாட்சி சொன்னேன். காய்ச்சல்ல விழுந்த என் பிள்ளையை எழுப்பினார்னு. எங்க பக்கத்துல அதுதான் பழக்கம். ஜெபம் கேட்கப்பட்டா, சபைக்கு முன்னால சொல்லணும். சொல்லாம வெச்சுக்கிட்டா நன்றி கெட்டவங்க. அடுத்த வருஷம் கன்வென்ஷன் கூட்டத்துல பிரசங்கம் பண்ண வெளியூர்ல இருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுட்டுத் தனியாக் கூப்பிட்டார். "அம்மா, டாக்டர் எங்கே குழாயை வெச்சார்?" "நெஞ்சுலய்யா." "ரொம்ப நேரம் வெச்சாரா?" "வெச்சாங்கய்யா." "ஏதாவது சொன்னாரா?" "கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க." "அப்போ அது இருதயம்மா. உங்களுக்குச் சொல்ல மனசு வராம மறைச்சிருக்காங்க. கர்த்தர் செஞ்ச பெரிய காரியத்தை நீங்க சின்னதாச் சொல்றீங்க"ன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இவ்வளவு நாளும் குறைச்சுல்லா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் குறைச்சுச் சொன்னதே இல்லை. இருதயத்துல ஓட்டை, டாக்டர்கள் கைவிட்ட பிள்ளை, கர்த்தர் ஒரே ராத்திரியில அடைச்சார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாரம் சாட்சி நேரத்துல நான் எழுந்து சொல்வேன். சொல்லி முடிச்சதும் "மகனே, எழுந்து நில்லு"ம்பேன். சுந்தர் எழுந்து நிப்பான். சபையே ஸ்தோத்திரம் சொல்லும். சின்னதுல ஆசையா நின்னான். மீசை முளைச்சதும் வெக்கம். பின் பெஞ்சுல ஒளிவான். அப்பவும் நான் கூப்பிட்டா நிப்பான். கல்யாணம் ஆன வருஷம் பியூலா பக்கத்துல இருந்தா, அவ முன்னாடியும் நின்னான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவ கேட்டாளாம், "நெஞ்சுல ஓட்டையா? பொண்ணு பார்க்க வந்தப்போ ஒருத்தரும் சொல்லலியே"ன்னு. இவன், "அது அம்மாவோட சாட்சிடி, என் நெஞ்சுல இல்லை"ன்னு சொல்லியிருக்கான். அவளே பின்னால என்கிட்டச் சொன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா அப்போ.

போன ஆடியில, காத்து அடிக்கிற சீசன், வேலை நெருக்கடி. காத்தாடியில இருந்து இறங்கி வந்தவன் கீழேயே உட்கார்ந்துட்டான். இடது கை மரத்துப் போச்சுன்னிருக்கான். கூட இருந்த பையன்கள் நல்லவங்க, நேரே டவுனுக்குக் கொண்டு போயிட்டாங்க. ரத்தக்குழாய்ல அடைப்பு. ஒரு குழாய்ல உடனே ஸ்பிரிங் மாதிரி ஒண்ணு வெச்சாங்க. மத்ததுக்குப் பைபாஸ்தான் வழி, ரொம்ப நாள் தள்ளிப்போடக் கூடாதுன்னுட்டாங்க. அன்னிக்குச் செலவுக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வெச்சோம். இன்ஷூரன்ஸ் வந்ததும் மீட்டுடலாம், பைபாஸையும் அதுலயே செஞ்சுடலாம்னு.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எடுக்கும்போதே நான் கேட்டேன், "ஐயா, சின்னப் பிள்ளையில ஓட்டை இருந்துதே, அந்த இடம் எப்படி இருக்கு?" அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். "அம்மா, இந்த இருதயத்துல ஓட்டை இருந்ததுக்கு அடையாளமே இல்லை. பிறவியில நல்ல இருதயம். இது ரத்தக்குழாய்ல வந்த நோவு, இப்போ வந்தது"ன்னார்.

அடையாளமே இல்லையாம் எம்மா. தழும்புகூட இல்லாம அடைச்சிருக்கார். மனுஷன் தைச்சா தழும்பு இருக்கும். அந்த வராண்டாவிலேயே அழுதுட்டேன். மகனுக்கு அப்படி இருக்கையில இவ என்னத்துக்குச் சிரிச்சுக்கிட்டே அழுறான்னு நர்சம்மா பார்த்தாங்க.

அப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில இருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். விசாரணையாம். பேரு முரளிதரன். பியூலா ஆஸ்பத்திரியில, நான் மட்டும் வீட்டுல. வெயில்ல வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தார். காப்பி போட்டு, முந்திரிக்கொத்து வெச்சேன். செல்லை மேசை மேல என்னைப் பார்த்த மாதிரி சாய்ச்சு வெச்சுக்கிட்டார். "பேசலாமாம்மா, இது பதிவாகும்"னார். நல்லாப் பதியட்டும்னேன்.

"சுந்தர்சிங்குக்கு முன்னால ஏதாவது இருதயப் பிரச்சினை இருந்துதாம்மா?"

எம்மா, நீங்க சொல்லுங்க. சாட்சி சொல்ல இதைவிட வாசல் வேணுமா? இந்தக் காலத்துல யாரு உட்கார்ந்து கேக்கா? என் மகள் எப்சி, கோயம்புத்தூர்ல இருக்கா, போன்ல நான் ஆரம்பிச்சாலே "அம்மா, குக்கர் விசில் அடிக்குது"ம்பா. இந்தத் தம்பி அப்படியில்லை. எந்த வயசுல, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எல்லாம் ஆசையாக் கேட்டார். நான் ஒண்ணையும் விடலை. ஏஜென்ட் கேட்டப்போ சுகமானதை எழுதாதேன்னு நான் தடுத்ததையும் சொன்னேன். அதையும் மறைக்கக் கூடாது பாருங்க.

கடைசியில அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. செல்லைக் கையில எடுத்தார். "அம்மா, ஓட்டைன்னு டாக்டர் சொன்னாங்களா, இல்லை நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார். "நான் நினைக்க என்ன இருக்கு தம்பி, ஆண்டவரே ஊழியக்காரர் மூலமா வெளிப்படுத்தினார்"னேன். "வீட்டுல வேற யாரும் இல்லையாம்மா? உங்க மருமகள் எப்போ வருவாங்க?" "சாயங்காலம் ஆகும்"னேன். புறப்படும்போது அவருக்காக ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டேன். அவர் வேற மதம். இருந்தாலும் தலையைக் குனிஞ்சு நின்னார். கண்ணு கலங்கியிருந்தது. இன்னிக்கு வரைக்கும் தினமும் ஜெபத்துல அவர் பேரைச் சொல்லித்தான் முடிக்கிறேன்.

தை மாசம் கம்பெனியில இருந்து பதில் வந்தது. பிறவி இருதய நோயை மறைச்சுப் பாலிசி எடுத்ததால பணம் கிடையாது, பாலிசியும் ரத்து. பியூலா வாசிச்சா. வாசிச்சுட்டு என்னைப் பார்த்தா. அவ சத்தம் போட மாட்டா. மெதுவாத்தான் கேட்டா, "மாமி, உங்க சாட்சிக்கு ஒரு ஓட்டை வேணும்னா என் புருஷன் நெஞ்சுதானா கெடச்சுது?" அதோட சரி. அப்புறம் சோறு வைப்பா, தண்ணி வைப்பா, பேச மாட்டா.

எனக்கு அவ மேல கோபம் இல்லை. சோதனைக் காலத்துல மனுஷங்க அப்படித்தான். வேதத்துல யோபுவோட மனைவி, கஷ்டம் தாங்காம கர்த்தரையே சபிக்கச் சொன்னாளே, அவ பேசாத பேச்சா?

கம்பெனிக்காரங்க செஞ்சதுதான் எனக்கு ஆறலை. கர்த்தர் சுகமாக்கினதை அவங்க இன்னும் வியாதின்னு எழுதுறாங்களே. அப்போ சுகமாக்கலைன்னுதானே அர்த்தம்? அவிசுவாசம். பணம் எனக்குப் பெரிசில்லை எம்மா, இந்த வார்த்தைதான் உறுத்துது.

பெரியாஸ்பத்திரியில பதிஞ்சு வெச்சிருக்கோம். அங்கே இனாமாச் செய்வாங்க. ஆனா நம்மளைவிட மோசமானவங்களே வரிசையில கிடக்காங்க, தேதி தள்ளித்தான் கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் தாங்கணும். இப்போ அவன் கட்டில்ல இருந்து குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிச்சுக்கிறான். காத்தாடியில ஏறினவன். பேத்தி பள்ளிக்கூடத்துல இருந்து வந்து அப்பா நெஞ்சுல காதை வெச்சுக் கேக்கும். "இன்னும் அடிக்குதுப்பா"ன்னு சொல்லும். விளையாட்டுக்குத்தான்.

பியூலாதான் வக்கீலம்மாவைப் பிடிச்சா. அவங்க விவரமானவங்க. இப்போ விதியெல்லாம் மாத்தியிருக்காங்களாம். இத்தனை வருஷம் விடாம கட்டிட்டா, அப்புறம் கம்பெனி பழசைக் கிண்டிப் பணம் இல்லைன்னு சொல்லக் கூடாதாம். நாங்க கட்டினது அந்தக் கணக்குக்கு மேலேயே இருக்காம். எனக்கு அப்படியே உயிர் வந்தது. ஆனா வேணும்னே ஏமாத்தி வாங்கினாங்கன்னு காட்டிட்டா மட்டும் அந்த விதி உதவாதாம். கம்பெனி அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. எதை வெச்சுன்னா, அந்தத் தம்பி செல்லுல நான் பேசினதை வெச்சு.

வக்கீலம்மா என்னைக் கூட்டி வரச் சொன்னாங்க. போனேன். அவங்க பக்கத்துல உட்கார்ந்து, "அம்மா, ஓட்டை இருந்ததே இல்லைன்னு டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட் நம்ம பக்கம் இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு வேணும். நீங்க வந்து, பிள்ளைக்கு அன்னிக்குக் காய்ச்சலும் சளியும்தான் இருந்தது, ஓட்டைன்னு எந்த டாக்டரும் சொல்லலை, நான் பக்தியில அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தேன்னு சொன்னாப் போதும்"னாங்க.

பக்தியில சொல்லிக்கிட்டு இருந்தேனாம். அப்போ முப்பது வருஷமா சபைக்கு முன்னால நான் பொய் சொன்னேனா? அவன் எழுந்து நின்னது எல்லாம்?

சுந்தர்கிட்டப் போய் உட்கார்ந்தேன். அவன் கண்ணை மூடிக்கிட்டு இருந்தான். "அம்மா, நிஜமாவே எனக்கு ஓட்டை இருந்துதா?"ன்னு கேட்டான். வாழ்நாள்ல ஒரு தடவைகூடக் கேட்காதவன். "ஆமாம்ல. கர்த்தர் அடைச்சார்"னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அப்புறம், "சரிம்மா. அன்னிக்கு டாக்டரம்மா வாயால என்ன சொன்னாங்களோ அதை மட்டும் கோர்ட்டுல சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல வேண்டாம்"னான். அவனுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க. தன் உயிரே போனாலும் அம்மா பொய் சொல்லக் கூடாதுன்னு நினைக்கிறான்.

எங்க சேகரத்து ஐயர்கிட்டயும் கேட்டேன். சபைப் பாதிரியாரை நாங்க ஐயர்னுதான் சொல்வோம். புதுசா வந்த சின்ன வயசுக்காரர். அவர் என்னைக் கிண்டிக் கிண்டிக் கேட்டார், அந்த டானிக்கு, குழாய், ஊழியக்காரர் எல்லாத்தையும். கேட்டுட்டு, "அம்மா, உண்மையை மட்டும் சொல்லுங்க. அதைச் சொல்றதால கர்த்தர் ஒண்ணும் சின்னவர் ஆயிடமாட்டார்"னார். மகனும் ஐயரும், ரெண்டு பேரும் ஒரே வார்த்தை. உண்மையை மட்டும் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு மனசு நிம்மதி ஆச்சு.

பஸ் ஸ்டாண்டு வந்துட்டு போல. அந்தா பியூலா எழுந்து வாறா.

"மாமி, இறங்குங்க. பாத்து, படி உயரம். தண்ணி குடிச்சியளா?"

"உபவாசம்லா."

"சரி. வக்கீலம்மா சொன்னது நெனவிருக்கா? என்ன சொல்லணும்?"

"நெனவிருக்கு."

"காய்ச்சலு, சளி. அவ்வளவுதான் மாமி. எனக்காக வேண்டாம். அவுகளுக்காக."

"உண்மையைச் சொல்லுவேன்மா. நீ பயப்படாதே."

கையைப் பிடிச்சா பாருங்க, எவ்வளவு சில்லுன்னு இருக்கு. பாவம், முகமே தெளிஞ்சுட்டு. நீ முன்னால போய் ஆட்டோ பாரு மக்கா, இவங்ககிட்டச் சொல்லிட்டு வாறேன்.

போயிட்டு வாரேன் எம்மா. எங்களுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கிடுங்க, உங்க சாமிகிட்டன்னாலும் சரி. கர்த்தரோட சீஷன் பேதுருவே உயிருக்குப் பயந்து, நெருப்புப் பக்கத்துல நின்னு, அவரை எனக்குத் தெரியாதுன்னு சொன்னான். நான் சொல்ல மாட்டேன். வேதத்துல கை வெச்சுக் கேப்பாங்கல்லா, அப்போ முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லுவேன், அந்தப் பஜனை, அந்த ஓட்டை, தழும்புகூட இல்லாம அவர் அடைச்சது, ஒண்ணையும் குறைக்காம. ஜட்ஜய்யாவும் கேக்கட்டும், கம்பெனிக்காரங்களும் கேக்கட்டும்.

அவனைக் கூட்டிவந்து பக்கத்துல நிறுத்தணும்னு ஆசைதான். அவனால இப்போ எழுந்து நிக்க முடியாது. அவனுக்கும் சேர்த்து நான்தான் நிக்கணும்.